தொலைநோக்கிகள் விண்வெளியின் வெவ்வேறு வகை ஒளியை எவ்வாறு திரட்டுகின்றன?

தொலைநோக்கி என்பது, பரந்த பரப்பில் விழும் ஒளியை ஓரிடத்தில் குவிக்கும் கருவி. ஒளி ஒரு மின்காந்த அலை. அதில் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட சிறு பகுதியே நம் கண்ணுக்குப் புலப்படுகிறது. ரேடியோ அலை, அகச்சிவப்பு, புற ஊதா, எக்ஸ் கதிர் ஆகியவையும் ஒளியின் வகைகளே.

குவிக்கும் பரப்பின் மேடுபள்ளங்கள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருந்தால்தான் ஒளி சிதறாமல் திரும்பும் என்பதால், நீண்ட ரேடியோ அலைகளுக்குக் கம்பி வலையால் ஆன கிண்ணம்கூடப் போதுமானதாகிறது. எக்ஸ் கதிர்தான் உண்மையில் சிக்கலானது. அது ஆடியில் நேராக மோதினால் எதிரொளிக்காமல் உள்ளே புகுந்துவிடும். தட்டையான கல்லைச் சாய்வாக வீசினால் அது நீரில் மூழ்காமல் துள்ளிச் செல்வதைப் போல, மிகக் குறைந்த கோணத்தில் உரசும்போது மட்டுமே எக்ஸ் கதிர் திரும்புகிறது. 1999இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கியின் ஆடிகள் அதனாலேயே குழல் வடிவில் அமைந்துள்ளன. வளிமண்டலம் எக்ஸ் கதிரைத் தடுத்துவிடுவதால் அத்தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்ப வேண்டியிருந்தது. அகச்சிவப்பைத் திரட்டும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ, தன் சொந்த வெப்பமே இடையூறாகாதபடி கடுங்குளிரில் வைக்கப்பட்டுள்ளது.

ரேடியோ தொலைநோக்கி விண்வெளியின் ஓசையைக் கேட்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது பெறுவது ஒலியை அன்று, கண்ணுக்குத் தெரியாத ஒளியையே.