டைட்டானியம் டைஆக்சைடு ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது?

டைட்டானியம் உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம் இது. பெயின்ட், காகிதம், பிளாஸ்டிக் எனப் பலவற்றுக்கும் வெள்ளை நிறம் தருவது பெரும்பாலும் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதன் தூய படிகம் கிட்டத்தட்ட நிறமற்றது! கண்ணுக்குத் தெரியும் ஒளியை இது உறிஞ்சுவதே இல்லை எனலாம். புற ஊதாக் கதிர்களைத்தான் நன்றாக உறிஞ்சும். சன்ஸ்கிரீனில் சேர்ப்பதும் அதனால்தான். ஆனால் ஒளியை வளைப்பதில் கில்லாடி. ரூட்டைல் என்ற இதன் படிக வடிவத்தின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண்) சுமார் 2.7, வைரத்துக்கே 2.42தான். கண்ணாடியைப் பொடித்தால் வெள்ளையாகத் தெரியும் அல்லவா? அதே கதைதான் இங்கும். ஒவ்வொரு துகளும் ஒளியைத் திருப்பிவிட, எல்லா நிறங்களும் கலந்து சிதறி வெண்மையாகத் தெரிகின்றன. துகளின் அளவு 200 முதல் 300 நானோமீட்டர் இருந்தால் சிதறல் மிக அதிகம்.



சரி, எப்படித் தயாரிக்கிறார்கள்? டைட்டானியம் தாதுவைக் கார்பனோடு சேர்த்துச் சூடாக்கிக் குளோரின் செலுத்தினால் டைட்டானியம் டெட்ராகுளோரைடு கிடைக்கும். அதைக் காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்தி, ஆக்சிஜனில் எரித்தால் வெண்பொடி தயார். சல்பியூரிக் அமில முறையும் உண்டு.

டைட்டானியம் உலோகமே வெள்ளை என்பதால்தான் இதற்கு இந்த நிறம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த உலோகம் வெள்ளிபோன்ற சாம்பல் நிறம்.