அக்கவுண்ட் தொறந்தா மட்டும் போதுமா?

கேள்வி: கிராமத்து ஏழைங்களுக்கு பேங்க் அக்கவுண்ட் தொறந்து குடுத்தும் ஏன் வட்டிக்காரர்கிட்டயே போறாங்க?

பதில்: பேங்க் தூரமா இருந்தா போய்வர்றதுலயே அன்னிக்கு கூலி போச்சுங்க, போனாலும் ஃபாரம் நிரப்பத் தெரியாம பாஸ்புக்க கையில புடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கணும், வட்டிக்காரரோ ராத்திரி கதவத் தட்டினாலும் குடுக்கறாரு. கென்யாவுல 2007-ல எம்-பெசாங்கற போன் வழி பணச் சேவை வந்தப்போ சாதாரண பட்டன் போன்லயே பணம் அனுப்பி, பக்கத்து ஏஜென்ட் கிட்ட காசா வாங்கிக்கலாம்னு ஆச்சு, பேங்க் கிளையே தேவைப்படல, அந்த மாதிரி வேணும். பங்களாதேஷ்ல 1983-ல பேங்க்கா ஆன கிராமீன்ங்கற சிறுகடன் அமைப்பு அடமானம் இல்லாம, அஞ்சு பேர் குழுவ நம்பி கடன் குடுத்துச்சு, நல்ல வழிதான். ஆனா அறுவடைக்குத்தான் காசு பாக்கறவங்ககிட்ட வாராவாரம் தவணை கேட்டா, ஒரு கடன அடைக்க இன்னொண்ணு வாங்குவாங்க, அதனால மொதல்ல சேமிப்புக்கு வழி பண்ணுங்கன்னுதான் நான் சொல்வேன்.