ஏசி போட்டால் மட்டும் சத்தமா, அணைத்தாலும் சத்தமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கார் ஏசி சத்தம் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வண்டியை ஸ்டார்ட் செய்ததுமே முன்பக்கத்திலிருந்து 'கர்ர்ர்' என்று அரைக்கிற மாதிரி சத்தம். ஏசி போட்டால் கொஞ்சம் மாறுகிறது, அணைத்தாலும் போவதில்லை. கேஸ் குறைந்திருக்கும் என்று நிரப்பிக் கொடுத்தார்கள். சத்தம் அப்படியேதான் இருக்கிறது. இப்போது கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள், மாற்றிவிடாதீர்கள். 'அணைத்தாலும் போவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஏசி கேஸை அழுத்தித் தள்ளுவதுதான் கம்ப்ரஸர். அதன் முகப்பில் இருக்கும் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், நீங்கள் ஏசி போட்டாலும் போடாவிட்டாலும், எஞ்சின் ஓடுகிறவரை பெல்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஸ்விட்சைத் தட்டியதும் 'டக்' என்று கேட்கிறதே, அப்போதுதான் காந்தக் கிளட்ச் இழுத்துப் பிடித்து, உள்ளே இருக்கும் தண்டு சுற்றத் தொடங்குகிறது. பிடிக்காத நேரத்தில் கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஆக, ஏசி அணைந்திருக்கும்போது கம்ப்ரஸரின் உள்பாகம் எதுவும் சுற்றுவதில்லை, சுற்றாத பொருள் அரைக்கவும் முடியாது. (கிளட்சே இல்லாத கம்ப்ரஸர்களும் உண்டு. அவற்றில் தண்டு எப்போதும் சுற்றும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. 'டக்' கேட்டால் உங்களுடையது கிளட்ச் உள்ளதுதான்.) ஏசி அணைந்த நிலையிலும் 'கர்ர்ர்' வந்தால் முதல் சந்தேகம் புல்லிக்குள் இருக்கும் பேரிங் மேல். அடுத்தது அதே பெல்ட் ஓட்டத்தில் இருக்கும் மற்றவை: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். கெட்டது உள்ளே மணல் விழுந்த மாதிரி நறநறவென்று விரல் நுனியிலேயே தெரியும், பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடவும் செய்யும். பல கம்ப்ரஸர்களில் அந்தப் பேரிங்கை மட்டும் தனியாக மாற்றலாம், கேஸை இறக்கக்கூட வேண்டியதில்லை. இதைப் பார்க்காமல் கம்ப்ரஸரை மாற்று என்று சொல்வது சரியில்லை.

கேஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தச் சத்தத்துக்கும் கேஸ் நிரப்புவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஒரே வருடத்தில் கூலிங் போகிற அளவுக்குக் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் பொருள், முதலில் அதைத்தான் தேட வேண்டும். கம்ப்ரஸருக்கு மசகாக இருக்கிற எண்ணெயும் அந்தக் கேஸோடு கலந்தே சுற்றுகிறது, கேஸ் ஒழுகினால் எண்ணெயும் போகும். கேஸ் குறைவுக்கென்று தனி அடையாளம் உண்டு: கிளட்ச் 'டக்' என்று பிடிப்பதும் சில நொடிகளில் விடுவதுமாக மாறி மாறி நடக்கும், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓயாமல் 'உஸ்ஸ்' கேட்கும், கூலிங்கும் குறையும். உங்களுடையது அந்த வகை இல்லை. கேஸை அளவுக்கு மீறி ஏற்றினாலும் கேடுதான், அழுத்தம் ஏறி கம்ப்ரஸர் இடிக்கிற மாதிரி 'டொக் டொக்' என்று போராடும். அதனால் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும், எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

கேள்வி: டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக் டிக்' என்று சத்தம். கம்ப்ரஸரா?

பதில்: கம்ப்ரஸர் அங்கே இல்லை, எஞ்சின் பக்கம் இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்றால் இரண்டில் ஒன்று. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஃபேனை 1, 2, 3 என்று கூட்டிப் பாருங்கள். ஃபேன் வேகத்தோடு சத்தமும் வேகமெடுத்தால் புளோயரில் ஏதோ மாட்டியிருக்கிறது. நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலும் ஒரு காய்ந்த இலை, அல்லது கேபின் ஃபில்டரிலிருந்து பிய்ந்த ஒரு துண்டு. ஒரு வண்டியில் இலையின் காம்பு மட்டும் ஃபேன் இதழ்களுக்கு நடுவே செருகி நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டில் தட்டிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்துப் போட்டதும் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த வண்டிக்காரர் ஆறு மாதமாக அந்தச் சத்தத்தோடு ஓட்டியிருக்கிறார், பாவம். பல வண்டிகளில் ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கும், நீங்களே கழற்றலாம்.

ஃபேன் வேகத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, சூடு குளிரை மாற்றும்போது அல்லது காற்றைக் காலுக்கு, கண்ணாடிக்கு என்று திருப்பும்போது மட்டும் சில நொடி டிக் டிக் அடித்து நின்றுவிடுகிறது என்றால், காற்று மடலைத் திருப்பும் சின்ன மோட்டார்தான். அதற்குள் இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம். ஒரு பல் உடைந்தாலும் அதே இடத்தில் வழுக்கி வழுக்கி அடிக்கும். ஆபத்தில்லை, ஆனால் ஒருநாள் மடல் நடுவழியில் நின்று சூடான காற்றே வரும்.

கேள்வி: வண்டியை அணைத்த பிறகும் 'உஸ்ஸ்' என்று கேட்கிறதே?

பதில்: ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் கவலையே வேண்டாம். அதிக அழுத்தப் பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தப் பக்கத்துக்குக் கேஸ் சமமாகிற சத்தம் அது.

கேள்வி: வளைவில் திரும்பினால் டேஷ்போர்டுக்குள் தண்ணீர் தளும்புகிறது. இது எங்கிருந்து?

பதில்: ஏசியின் கூலிங் காயிலில் காற்றின் ஈரம் படிந்து சொட்டும் தண்ணீர், ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் விழ வேண்டும். ஏசி போட்டு நிறுத்திய வண்டிக்குக் கீழே ஈரம் பார்த்திருப்பீர்களே, அதுதான். குழாயில் தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். வளைவில் சளக்கென்று அடிக்கும், ஒருநாள் முன் சீட்டின் கால்மிதியும் நனையும். வெளிப்பக்கத்திலிருந்து அடைப்பை எடுத்துவிட்டால் மடமடவென்று கொட்டிவிடும். கம்பியை விட்டு வேகமாகக் குத்த வேண்டாம், காயிலில் ஓட்டை விழுந்தால் பெரிய வேலையாகிவிடும்.

தளும்பாமல், ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குமிழி விடுகிற மாதிரி 'குளுகுளு' என்று கேட்டால் அது வேறு. ஹீட்டர் காயிலுக்குள் காற்று புகுந்திருக்கிறது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்திருக்கலாம். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள், எஞ்சினே சூடேறிப் போய்விடும்.

கேள்வி: ஏசி போட்ட நொடியில் 'கிறீச்'. பெல்ட்டில் சோப்பு தேய்த்தால் சரியாகும் என்கிறார் நண்பர்.

பதில்: தேய்க்க வேண்டாம். கம்ப்ரஸர் பிடித்ததும் பெல்ட்டின் மேல் பாரம் கூடுகிறது, பிடிமானம் இல்லாத பெல்ட் வழுக்கிக் கத்துகிறது. கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள்: கண்ணாடி மாதிரிப் பளபளத்தாலோ, குறுக்கே வெடிப்புகள் ஓடினாலோ மாற்ற வேண்டியதுதான். பெல்ட் புதிதாக இருந்தும் கத்தினால் டென்ஷனர் தளர்ந்திருக்கும், அல்லது கம்ப்ரஸரே இறுகிக்கொண்டு வருகிறது. சோப்பும் பவுடரும் சத்தத்தைச் சில நாள் மறைத்து, பெல்ட்டை இன்னும் வழுக்க வைக்கும்.

கேள்வி: கம்ப்ரஸர் சத்தம் போடுகிறது. ஏசி போடாமலேயே ஓட்டினால் பரவாயில்லையா?

பதில்: ஏசி போட்டால் மட்டும் சத்தம், அணைத்தால் முழு அமைதி என்றால் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனால் அந்த நிலையில் ஏசியைப் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே தேயும் உலோகத் துகள் கேஸோடு போய், கேஸைக் குளிர்விக்கும் கன்டென்சரிலும் அதன் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்விலும் அடைத்துவிட்டால், கம்ப்ரஸரோடு முடிய வேண்டிய வேலை முழு ஏசிக்கும் பரவிவிடும்.

அணைத்தாலும் அரைக்கிறது என்றால் ஓட்டவே கூடாது என்பேன். பேரிங் இறுகி நின்றுவிட்டால் பெல்ட் கருகி அறுந்துவிடும், அதே பெல்ட்டில்தான் ஆல்டர்னேட்டரும், பல வண்டிகளில் வாட்டர் பம்பும் ஓடுகின்றன. ஓட்டும்போது ரப்பர் கருகும் வாடை வந்து பேட்டரி விளக்கும் எரிந்தால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது 'ஏசியில் ஏதோ சத்தம்' என்று மட்டும் சொல்லாமல், எந்த ஸ்விட்சைத் தொட்டால் வருகிறது, எதை அணைத்தால் நிற்கிறது, எஞ்சின் வேகத்தோடு கூடுகிறதா ஃபேன் வேகத்தோடு கூடுகிறதா என்று எழுதிக் கொண்டுபோங்கள். சத்தத்தை வாயாலேயே செய்தும் காட்டலாம், கூச்சமே வேண்டாம், கிறீச்சுக்கும் கர்ருக்கும் உஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் நல்ல மெக்கானிக்குக்கு உடனே பிடிபடும்.