டிசையரா, அமேஸா? காரோடு லோனையும் ஒப்பிடுங்கள்

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. எனக்கும் மனைவிக்கும் சேர்த்து கைக்கு வரும் சம்பளம் மாதம் 90,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 22,000, மற்ற செலவுகள் 38,000. எஃப்டியில் 6.5 லட்சம் இருக்கிறது. பழைய ஆல்டோவுக்கு 1.5 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். மாதம் 1,000 கி.மீ. ஓடும். மனைவியும் ஓட்டுவார் என்பதால் ஆட்டோமேட்டிக் வேண்டும். மாருதி டிசையர் ஏஎம்டி எக்ஸ்ஷோரூம் 8.65 லட்சம், ஆன்ரோடு 10.35 லட்சம். ஹோண்டா அமேஸ் சிவிடி எக்ஸ்ஷோரூம் 9.30 லட்சம், ஆன்ரோடு 11.05 லட்சம். எதை எடுக்கலாம்? ஆன்ரோடு தொகை முழுவதற்கும் 9.5% வட்டியில் 7 வருட லோன் தருவதாகவும் சொல்கிறார்கள். எஃப்டியை அப்படியே வைத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் நல்ல கார்கள். உங்கள் ஓட்டத்துக்கும் வருமானத்துக்கும் டிசையர் பொருந்துகிறது. ஆனால் அந்த 7 வருட லோனை எடுத்தால், டிசையரில் மிச்சமாகும் பணத்தைவிட அதிகமாக வட்டியிலேயே போய்விடும்.

முதலில் கார். ஆன்ரோடு வித்தியாசம் 70,000 ரூபாய். இந்தத் தொகை முழுவதும் கடனில்தான் ஏறும். பின்னால் நான் சொல்லப்போகும் லோன்படி 9% வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணையில் சுமார் 1,450 ரூபாய் கூடும். அடுத்தது பெட்ரோல். கம்பெனி சொல்லும் மைலேஜ் டிசையர் ஏஎம்டிக்கு 25.71, அமேஸ் சிவிடிக்கு 19.46. அவினாசி ரோடு டிராஃபிக்கில் ஏசி போட்டு ஓட்டினால் இரண்டுமே அதைத் தராது. அதனால் டிசையருக்கு 17, அமேஸுக்கு 14 என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். 1,000 கி.மீ.க்கு டிசையர் சுமார் 59 லிட்டர் குடிக்கும், அமேஸ் 71 லிட்டருக்கு மேல். லிட்டர் 101 ரூபாய் என்றால் மாதம் ஏறக்குறைய 1,270 ரூபாய் வித்தியாசம். தவணையும் பெட்ரோலும் சேர்த்து மாதம் 2,700 ரூபாய், ஐந்து வருடத்தில் 1.6 லட்சம். உங்கள் ஓட்டம் மாதம் 400 கி.மீ.யாக இருந்திருந்தால் பெட்ரோல் வித்தியாசம் சுமார் 500 ரூபாயோடு முடிந்திருக்கும். அப்போது பிடித்த காரை எடுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

அந்த 1.6 லட்சத்துக்கு அமேஸ் என்ன தருகிறது? நான்கு சிலிண்டர் எஞ்சின், 90 பிஎஸ். டிசையரில் இருப்பது மூன்று சிலிண்டர், 82 பிஎஸ். அதில் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு தெரியும். டிக்கி 416 லிட்டர், டிசையரில் 382. கிரவுண்ட் கிளியரன்ஸ் 172 மி.மீ., டிசையரில் 163. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் கியர்பாக்ஸ். அமேஸின் சிவிடியில் படிப்படியான கியர்களே இல்லை, வழுக்கிக்கொண்டு போகும். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குவது. கியர் மாறும்போது சின்னத் தயக்கம் இருக்கும். மேட்டில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் சீக்கிரம் தேயும். சிவிடிக்கும் கவனிப்பு உண்டு. அதற்கென்று தனி ஆயில் இருக்கிறது. அதை எத்தனை கி.மீ.யில் மாற்ற வேண்டும், என்ன செலவாகும் என்று சர்வீஸ் சென்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலியான ரோட்டில் எடுத்துப் பயனில்லை. வேலை நாளில் சாயங்காலம் ஆறரை மணிக்குக் கேளுங்கள், மனைவி ஓட்டட்டும். ஊர்ந்து போகும் நெரிசல் ஒன்று, மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது ஒன்று, இரண்டையும் செய்து பார்க்க வேண்டும். ஏஎம்டியின் தயக்கம் அவருக்கு எரிச்சலாக இருந்தால் மாதம் 2,700 கொடுத்து அமேஸ் எடுப்பதில் தவறில்லை. உங்கள் பட்ஜெட் அதைத் தாங்கும். வாரன்டியை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஹோண்டா தருவது 3 வருடம், கி.மீ. வரம்பு இல்லை. மாருதி தருவது 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. நீங்கள் மூன்று வருடத்தில் ஓட்டப்போவது 36,000 கி.மீ.தான்.

அமேஸின் டாப் வேரியன்ட்டில் கேமரா உதவியோடு தானாக பிரேக் பிடிக்கும் பாதுகாப்பு வசதி இருக்கிறது. அதற்காக மேலே போக நினைத்தால் எக்ஸ்ஷோரூம் விலை 10 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13%. 10 லட்சத்தைத் தாண்டினால் 18%, அதுவும் முழு விலைக்கும். 10 லட்சம் விலைக்கு 1.30 லட்சம் வரி கட்டுவீர்கள், 10.05 லட்சத்துக்கு 1.81 லட்சம் கட்டுவீர்கள். ஐயாயிரம் ரூபாய் விலை ஏறினால் வரி ஐம்பதாயிரம் ஏறுகிறது. அதோடு 1% டிசிஎஸ்ஸும் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அதை மட்டும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 1.5 லிட்டர் பெரிய செடான்களுக்கு ஜிஎஸ்டியே 40%. 2025 செப்டம்பர் 22 முதல் 18% ஆகக் குறைந்தது, 4 மீட்டருக்கு மிகாத நீளமும் பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்கு மிகாமலும் உள்ள கார்களுக்குத்தான். உங்கள் பட்டியலில் உள்ள இரண்டும் அதில் அடங்கும்.

இனி விலைப்பட்டியல். டிசையருக்கு எக்ஸ்ஷோரூம் 8,65,000, ஆயுள் வரி 1,12,450, ஆகமொத்தம் 9,77,450. ஆன்ரோடு 10,35,000 என்றால் மீதி 57,550 ரூபாய் எதற்கு என்று ஒவ்வொன்றாக எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம், ஆர்சியில் கடன் பதிவு, ஸ்மார்ட் கார்டு, சாலைப் பாதுகாப்பு வரி, ஃபாஸ்டேக் எல்லாம் சேர்ந்து சுமார் ஐந்தாறாயிரத்தில் முடியும். மிச்சத்தில் பெரும்பகுதி இன்சூரன்ஸ். மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். பேரம் பேச இடம் இருப்பது சொந்த சேதப் பகுதியில். அதே ஐடிவி (கார் முழுவதும் போனால் இன்சூரன்ஸில் கிடைக்கும் தொகை), அதே ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத காப்பீடு), அதே எஞ்சின் பாதுகாப்பு என்று சொல்லி வெளியே இரண்டு கம்பெனிகளில் கேளுங்கள். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு கட்டணம் இருந்தால் கட்ட மறுத்துவிடுங்கள். ‘அக்சஸரி கிட்’ இருந்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு, வேண்டாததை நீக்கச் சொல்லுங்கள்.

லோன் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. 10.35 லட்சம், 9.5%, 7 வருடம்: தவணை 16,900, வட்டி மட்டும் 3.86 லட்சம். அதற்குப் பதிலாக ஆல்டோவின் 1.5 லட்சத்தையும் எஃப்டியிலிருந்து 2.5 லட்சத்தையும் போட்டு, மீதி 6.35 லட்சத்தை 9%க்கு 5 வருடத்தில் கட்டினால் தவணை 13,200, வட்டி 1.56 லட்சம். எஃப்டி வட்டி வந்துகொண்டிருக்குமே என்று தோன்றும். எஃப்டியில் 6.5 அல்லது 7% கிடைத்தாலும் அதற்கு வருமான வரி உண்டு, 9.5% கடனை அது ஈடுகட்டாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நான்கு வருடம் முடிந்த காருக்கு ஐடிவி கணக்கில் 50% தேய்மானம் கழிப்பார்கள். டிசையரின் ஐடிவி அப்போது சுமார் 4.3 லட்சம். 7 வருட லோனில் 48 தவணை கட்டிய பிறகும் பாக்கி 5.28 லட்சம் நிற்கும். ஐந்தாம் வருடத்தில் கார் திருடு போனாலோ, விபத்தில் முழுச் சேதமானாலோ, இன்சூரன்ஸ் பணம் முழுவதையும் வங்கிக்குக் கொடுத்த பிறகும் ஒரு லட்சத்துக்கு அருகில் கடன் மிஞ்சும், கையில் காரும் இருக்காது. 5 வருட லோனில் அதே நாளில் பாக்கி சுமார் 1.5 லட்சம்தான்.

எஃப்டியில் மிஞ்சும் 4 லட்சத்தைத் தொடாதீர்கள். கார் தவணையும் சேர்ந்தால் உங்கள் மாதச் செலவு 73,000 ஆகும். ஐந்தரை மாதம் தாங்கும் பணம் அது. செலவும் தவணைகளும் போக மாதம் 16,800 மிஞ்சும். எஸ்ஐபி ஏதாவது போய்க்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக் கடன் வங்கியிலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தவணை தவறாதவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல வட்டி தருவார்கள். யாராவது 5% வட்டி என்றால் ஃபிளாட் ரேட்டா, அதாவது கடன் குறையக் குறையவும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டியா என்று கேளுங்கள். 5 வருடத்துக்கு 5% ஃபிளாட் என்பது, பாக்கித் தொகைக்கு மட்டும் வட்டி போடும் குறையும் இருப்பு முறையில் 9%க்கு மேல் வரும். வட்டி நிலையானதா, மாறக்கூடியதா, முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் எவ்வளவு என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

முழுப் பணம் கட்டுவதற்கும் பதிவுக்கும் முன்னால் யார்டுக்குப் போய் உங்களுக்கு ஒதுக்கிய காரையே பாருங்கள். தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான ஃபார்ம் 22ல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். சேசிஸ் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். போன வருடத்து வண்டி என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு வண்டி கேளுங்கள். விற்கும்போது மாடல் வருடத்தை வைத்துத்தான் விலை பேசுவார்கள். பதிவான பிறகு உங்கள் கையில் பேரம் பேச எதுவும் இருக்காது.

ஐந்து வருடம் கழித்துக் கடைசித் தவணை போனதும் வங்கியில் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) கடன் பதிவை நீக்குவதற்கான ஃபார்ம் 35ம் வாங்கி, ஆர்டிஓவில் ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை நீக்கிவிடுங்கள். என்ஓசிக்குக் காலக்கெடு உண்டு. தள்ளிப்போட்டால் காரை விற்கும் நேரத்தில் மறுபடி வங்கிக்கு அலைய வேண்டியிருக்கும்.