நாலு பெற்றால் பட்டறைக்கு ஆள் வந்துவிடுமா?

கேள்வி: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பற்றவைக்க, பாலிஷ் போட உள்ளூர்ப் பையன்கள் யாரும் வருவதில்லை. எல்லா வீட்டிலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்பு வணங்கவில்லை என்கிறார் அம்மா. பழையபடி நாலைந்து பெற்றால்தான் சரியாகுமோ?
– வாசகர், சிவதாபுரம், சேலம்

பதில்: அண்ணா, அம்மாவிடமே கேளுங்கள், அவருடைய பாட்டி எத்தனை பெற்றார், அதில் எத்தனை தங்கியது என்று. பெற்றது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாணம் தள்ளிப்போனது, கிராமத்துக்கும் நர்ஸ் வந்தார், அப்புறம் எதற்கு நாலைந்து? ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளை இருந்தால் மக்கள்தொகை நிலையாக நிற்கும். தமிழ்நாடு 2000-ஐ ஒட்டியே அந்த அளவுக்கு இறங்கிவிட்டது, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8.

சரி, பட்டறைக்கு வருவோம். உங்கள் பையனை அந்தப் புகையில் உட்கார வைப்பீர்களா? இன்ஜினியரிங் சேர்த்திருப்பீர்கள். அடுத்த வீட்டுக்காரரும் அதைத்தான் செய்கிறார். இன்று பிறக்கும் பிள்ளை வேலைக்கு வர இருபது வருஷம் ஆகும், வந்தாலும் உங்கள் கூலிக்கு வருமா என்பது வேறு கேள்வி.

நம்ம ஊரில் இதைவிட உறுத்துவது ஒன்று உண்டு. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது, ஏன் இங்கே என்று உங்களுக்கே தெரியும். 2001 கணக்கெடுப்பில்கூட இந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851தான். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இப்போது கல்யாண வயது. பையனின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு தரகர் தரகராக அலைகிறவர்கள், பெண்கள் ரொம்ப எதிர்பார்க்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வதுதான் வேடிக்கை.

அடுத்த கஷ்டம் முதியவர்கள். தமிழ்நாட்டில் 2021-ல் அறுபது தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 ஆகும் என்பது மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் கணிப்பு. ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் கட்டிக்கொண்டால் நாலு பெரியவர்களை அந்த இரண்டு பேர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அதிலும் பாதிக்கு மேல் மருமகள் தலையில் விழும். அவளிடம் போய் இன்னும் இரண்டு பெற்றுக்கொள் என்றால் என்ன சொல்வாள்?

கேள்வி: ஜனத்தொகை குறைந்தால் எம்.பி. சீட்டும் குறையுமாமே?
– வாசகி, ஏற்காடு

பதில்: பயம் நியாயமானதுதான். கட்டுப்பாடாக இருந்த மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1976-ல் சீட்டுக் கணக்கை 1971 ஜனத்தொகையோடு நிறுத்திவைத்தார்கள், 2001-ல் அதை 2026 வரை நீட்டினார்கள். கெடு முடிகிற நேரத்தில், ஓட்டுக் கேட்டு மலையேறி வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். அதற்காகப் பிள்ளை பெறச் சொன்னால் மட்டும் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.