ரிப்போர்ட்டில் 'மீடியல்' என்றால் எந்தப் பக்கம்?

எலும்பு, மூட்டு, தசை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மதுரையில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் பதிலளிக்கிறார்.

என் அம்மாவுக்கு 58 வயது. வலது முழங்கால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'மீடியல் மெனிஸ்கஸ், போஸ்டீரியர் ஹார்ன், கிரேடு 2 சிக்னல்' என்று இருக்கிறது. ஆனால் அம்மா வலிக்கிறது என்று காட்டுவது முழங்காலின் வெளிப்பக்கத்தை. ரிப்போர்ட் தப்பா?
– வாசகர், திண்டுக்கல்

ரிப்போர்ட் தப்பாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கவனித்தது முக்கியமான விஷயம்.

நெற்றி நடுவிலிருந்து மூக்கு, தொப்புள் வழியாக இரண்டு பாதங்களுக்கும் இடையே நேராக ஒரு கோடு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது மீடியல், விலகி இருப்பது லேட்டரல். நடக்கும்போது இரண்டு முழங்கால்களும் உரசிக்கொள்கிற பக்கம்தான் மீடியல். ஆன்டீரியர் முன்பக்கம், போஸ்டீரியர் பின்பக்கம். மெனிஸ்கஸ் என்பது முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு. ஆக, ரிப்போர்ட் சொல்வது முழங்காலின் உள்பக்க ஜவ்வு, அதிலும் பின்பகுதி.

மருத்துவர்கள் எல்லோரும் ஒரே நிலையை மனதில் வைத்துத்தான் இந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். நேராக நிற்க வேண்டும், முகமும் பாதமும் முன்னால் பார்க்க வேண்டும், கைகள் உடம்பை ஒட்டித் தொங்க வேண்டும், உள்ளங்கை முன்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இப்படி நின்றால் கட்டைவிரல் வெளிப்பக்கம் வரும், அதனால் அது லேட்டரல். உள்ளங்கையைப் பின்னால் திருப்பிக் கட்டைவிரல் தொடைப் பக்கம் வந்துவிட்டாலும் அது லேட்டரல்தான். நோயாளி படுத்திருக்கலாம், ஒருக்களித்திருக்கலாம், காலை மடக்கியிருக்கலாம், பெயர் மட்டும் மாறாது. போனில் பேசிக்கொள்ளும் இரண்டு மருத்துவர்களும் ஒரே இடத்தைத்தான் நினைப்பார்கள்.

இனி அம்மாவின் வலிக்கு வருவோம். கிரேடு 2 என்பது ஜவ்வின் உள்ளேயே இருக்கும் மாற்றம். கிழிசல் மேற்பரப்பு வரை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வயதாக ஆகப் பலருக்கும் வருவதுதான். முழுசாகக் கிழிந்திருந்தால்கூட வலி இருந்தே தீரும் என்றில்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை. அதனால் உள்பக்கம் தெரிந்த மாற்றம்தான் வெளிப்பக்க வலிக்குக் காரணம் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது வலிக்கும் இடத்தை அம்மா ஒரே விரலால் தொட்டுக் காட்டட்டும். "ரிப்போர்ட்டில் மீடியல் என்று இருக்கிறது, இவருக்கு வலி லேட்டரல் பக்கம்" என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும், டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துச் சோதிப்பார்.

மார்பு எக்ஸ்ரேயில் என் இதயம் வலது பக்கம் தெரிகிறதே?
– வாசகி, கரூர்

பயப்பட வேண்டாம். நீங்கள் எதிரே நின்று டாக்டரைப் பார்ப்பதுபோல அந்தப் படத்தை வைத்துப் பார்க்கிறோம். அதனால் உங்கள் இடது பக்கம் பார்ப்பவரின் வலது கைப் பக்கம் வரும். படத்தின் ஓரத்தில் 'ஆர்' அல்லது 'எல்' என்று ஓர் எழுத்து இருக்கும், அதைப் பாருங்கள். வலது, இடது என்று எங்கே எழுதியிருந்தாலும் அது நோயாளியின் வலது, இடதுதான்.

நான் ஆசிரியை, சர்க்கரை நோய் இருக்கிறது. தோள் இறுகிவிட்டது. போன மாதம் 'அப்டக்‌ஷன் 70, எக்ஸ்டர்னல் ரொட்டேஷன் 10' என்று எழுதினார்கள். இந்த மாதம் 95, 10. முன்னேற்றம்தானே?
– வாசகி, திருநெல்வேலி

பாதி முன்னேற்றம்.

கையைப் பக்கவாட்டில் உடம்பை விட்டு விலக்கித் தூக்குவது அப்டக்‌ஷன். திரும்ப உடம்போடு சேர்ப்பது அடக்‌ஷன். இரண்டும் காதில் ஒரே மாதிரி விழும் என்பதால் நாங்கள் 'ஏ பி டக்‌ஷன்', 'ஏ டி டக்‌ஷன்' என்று எழுத்தைப் பிரித்துச் சொல்வோம். நல்ல தோளில் அப்டக்‌ஷன் 180 டிகிரி வரை போகும், கை காதை ஒட்டி நிற்கும்.

எக்ஸ்டர்னல் ரொட்டேஷன் வேறு. முழங்கையை இடுப்போடு ஒட்டி 90 டிகிரி மடக்கிக்கொண்டு, முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல வெளியே திருப்ப வேண்டும். இறுகிய தோளில் அதிகம் பறிபோவது இந்த அசைவுதான். தலை பின்னுவதற்குக் கையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோக முடியாமல் பெண்கள் தவிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். உங்களுக்கு இது 10-இலேயே நிற்கிறது. அப்டக்‌ஷன் கூடியதாகத் தெரிவதையும் ஒரு தடவை சரிபாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கும்போது தோள்பட்டை காதை நோக்கி ஏறுகிறதா? ஏறினால் அந்த 95-இல் ஒரு பகுதி தோள்பட்டை எலும்பு செய்த உதவி. உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் இதைச் சொல்லி, தோள்பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள். சர்க்கரை அளவையும் கட்டுக்குள் வையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் வாய்ப்பும் அதிகம், சரியாக நாளும் பிடிக்கும்.

'சுப்பைன்', 'ப்ரோன்' என்றால்?
– வாசகர், சிவகாசி

சுப்பைன் மல்லாக்கப் படுப்பது, ப்ரோன் குப்புறப் படுப்பது. 2021 ஏப்ரலில் கொரோனா நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் குப்புறப் படுக்கச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது நினைவிருக்கலாம். அதுதான் ப்ரோன். கைக்குழந்தைகளைத் தூங்க வைக்கும்போது சுப்பைன்தான் பாதுகாப்பு.

அப்பாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம். 'ஃப்ளெக்‌ஷன் 100, எக்ஸ்டென்ஷன் மைனஸ் 10' என்று இருக்கிறது. 100 வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். மைனஸ் என்றால்?
– வாசகி, தேனி

ஃப்ளெக்‌ஷன் மடக்குவது, எக்ஸ்டென்ஷன் நீட்டுவது. 100 நல்ல அளவுதான். நடக்க 60 சொச்சம் போதும், நாற்காலியிலிருந்து எழத்தான் 90-க்கு மேல் வேண்டும். என் கவலை அந்த மைனஸ் 10. கால் முழுசாக நீளவில்லை, இன்னும் 10 டிகிரி மடங்கியே நிற்கிறது என்று அர்த்தம். இப்படியே விட்டால் தொடைத் தசை சீக்கிரம் களைத்துவிடும், நடை சாயும். எல்லா வீட்டிலும் மடக்குவதையே பார்க்கிறார்கள், நீட்டுவதை யாரும் கேட்பதில்லை.

அப்பா படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். இதமாக இருக்கும், ஆனால் காலை மடங்கிய நிலையிலேயே பழக்கிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தானாகக் கீழே இறங்கும்படி விடுங்கள். அப்புறம், அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் இந்த 10-ஐப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.