கர்னல் பேட்ச்சில் பெயர் போடுவது – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எம்பெடெட் பிரிவில் வேலை. ரிஸ்க்-ஃபைவ் என்கிற திறந்த பிராசசர் கட்டமைப்பு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, லினக்ஸின் மையமான கர்னலுக்கு மெயிலில் வரும் ரிஸ்க்-ஃபைவ் பேட்ச்களை, அதாவது நிரல் மாற்றங்களை, தினமும் வாசிக்க ஆரம்பித்தேன். ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அம்பத்தூர் வரும் வரைக்கும் போனில் அதுதான். போன மாதம் தைரியம் வந்து ஒரு பேட்ச்சுக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதி, கீழே ‘ரிவ்யூட்-பை’ (பரிசீலித்தவர்) என்று என் பெயரையும் போட்டு மெயில் அனுப்பினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த பேட்ச்சின் அடுத்த பதிப்பு வந்தபோது அதில் என் பெயரும் இல்லை.

சில்லு வடிவமைத்தவர்களே உட்கார்ந்திருக்கும் சபையில் ரிவ்யூ செய்ய நான் யார் என்று தோன்றுகிறது. என்னிடம் ஒரு ரிஸ்க்-ஃபைவ் போர்டுகூடக் கிடையாது. இங்கிலீஷும் சுமார்தான். நான் பெயர் போட்ட பேட்ச் நாளைக்கு எங்காவது உடைந்தால் பழி என் தலையில் விழுமா? அப்பா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். ‘தெரியாததுல கையெழுத்துப் போடாதடா’ என்கிறார். கம்பெனி மெயிலிலிருந்து அனுப்பியதும் இப்போது உறுத்துகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை.)

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சொன்னது சரி. ஆனால் அதே ஒர்க்ஷாப்பில் பிரேக்கைச் சோதித்தவர் பிரேக்குக்கு மட்டும்தானே கையெழுத்துப் போட்டிருப்பார்? மொத்தப் பெட்டிக்கும் நானே பொறுப்பு என்று எழுதியிருக்க மாட்டார். உங்கள் மெயிலில் இருந்த குறை அதுதான். எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

பேட்ச்சை ஏற்பதா என்று முடிவு செய்யும் மெயின்டெய்னர் இடத்தில் இருந்து பாருங்கள். அவருக்கு உங்களைத் தெரியாது. ‘நன்றாக இருக்கிறது’ என்கிற வரியை வைத்துக்கொண்டு அவர் என்ன முடிவுக்கு வர முடியும்? நீங்கள் ஒரு மணி நேரம் பார்த்தீர்களா, வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் முடித்துவிட்டீர்களா என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவர் உங்களை அவமதிக்கவில்லை, அந்த மெயிலில் அவர் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

பழி பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில்: விழாது. ரிவ்யூட்-பை என்று பெயர் போட்டால் என்ன பொருள் என்று கர்னல் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தேன், கண்ட குறைகளை எழுதியவரிடம் சொன்னேன், அவர் பதிலில் திருப்தி, எனக்குத் தெரிந்து பிரச்சினை இல்லை, இது சேர வேண்டிய மாற்றம்தான். இவ்வளவும் சொல்லிவிட்டு, சொன்னபடி இது வேலை செய்யும் என்று நான் எந்த உத்தரவாதமும் தரவில்லை என்று ஒரு பிரிவையும் சேர்த்திருக்கிறார்கள். அதையும் படித்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். கர்னலில் பெரும்பகுதி எல்லாப் பிராசசருக்கும் பொதுவானது. ‘ஆர்ச்’ என்கிற ஃபோல்டருக்குள்தான் ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனி வீடு. ரிஸ்க்-ஃபைவ் 2018 ஜனவரியில் 4.15 பதிப்பில் குடிவந்தது. இந்த வீட்டுக்குள் வரும் பேட்ச்சை ஒரு டிரைவர் பேட்ச் மாதிரி வாசிக்கக் கூடாது. சி மொழியில் எழுதியிருப்பது சரியா என்று பார்த்தால் பாதி வேலைதான் முடியும். கம்பைலர் அதைப் பிராசசருக்கான கட்டளைகளில் என்னவாக மாற்றும், பிராசசர் அதை எந்த வரிசையில் செய்யும் என்பது மீதிப் பாதி. பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

2021-இல் திருத்தப்பட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். இதை நான் புதியவர்கள் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

ரிஸ்க்-ஃபைவில் பயனர் நிரலின் நினைவகத்தைக் கர்னல் சாதாரணமாகத் தொட முடியாது. தொட வேண்டுமானால் பிராசசருக்குள் ரெஜிஸ்டர் என்கிற ஒரு சிறு சேமிப்பிடத்தில் எஸ்யுஎம் என்கிற பிட்டை ஆன் செய்ய வேண்டும், வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும். பயனருக்கு ஒரு மதிப்பை எழுதித் தருவதற்கு ‘புட் யூசர்’ என்று ஒரு மேக்ரோ (கூப்பிட்ட இடத்திலேயே விரியும் நிரல் துண்டு) இருக்கிறது. பிட்டை ஆன் செய்வது, எழுதுவது, அணைப்பது எல்லாம் அதன் வேலை. எழுத வேண்டிய மதிப்பு ஒரு சாதாரண மாறி என்றால் சிக்கல் இல்லை. ஆனால் புதிதாகப் பிறந்த பிராசஸ் (ஓடும் நிரல்) முதல்முறை ஓடத் தொடங்கும் இடத்தில், பொதுக் கர்னல் நிரல் அந்த மதிப்பின் இடத்தில் ஒரு ஃபங்ஷன் அழைப்பையே வைத்திருந்தது. மேக்ரோ அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். கம்பைலர் என்ன செய்தது? முதலில் பிட்டை ஆன் செய்தது. அப்புறம் ஃபங்ஷனை அழைத்தது. அதற்கப்புறம்தான் எழுதியது.

அந்த ஃபங்ஷன் ஓடி முடியும் வரைக்கும் பாதுகாப்பு திறந்தே கிடக்கிறது. இது ஒரு தப்பு. அதைவிட மோசம், நடுவில் அந்த ஃபங்ஷன் தூங்கப் போனால் நடப்பது. எது எப்போது ஓடுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் வேறு பிராசஸை ஓடவிடும். திரும்பி வரும்போது அந்த பிட் ஆனில் இருக்காது, ஏனென்றால் பிராசஸ் மாறும்போது அதைச் சேமித்து வைக்க அன்றைக்கு ஏற்பாடு இல்லை. அனுமதி உண்டு என்று நம்பிக் கர்னல் எழுதப் போகும், பிராசசர் தடுக்கும், கர்னல் விழுந்துவிடும். ஒரு தானியங்கிச் சோதனைக் கருவி வழியாகத்தான் இது வெளியே வந்தது. திருத்தம் மிகச் சிறியது: மதிப்பை முதலிலேயே ஒரு மாறியில் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் பிட்டை ஆன் செய். எழுதியவர், மாற்றத்தோடு சேரும் விளக்கக் குறிப்பான கமிட் மெசேஜிலேயே, இது முழுத் தீர்வு இல்லை, ஆபத்தின் அளவைத்தான் குறைக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லியிருந்தார். பிராசஸ் மாறும்போது அந்த பிட்டையும் சேமிக்கும் மாற்றம் 2025-இல்தான் உள்ளே வந்தது.

இப்போது கவனியுங்கள். பொது நிரலில் அந்த ஃபங்ஷன் அழைப்பைத் தனியாகப் பார்த்தால் குற்றமே இல்லை. மேக்ரோவைத் தனியாகப் பார்த்தாலும் ஒழுங்காகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்து, ஆன் செய்வதற்கும் அணைப்பதற்கும் நடுவில் எது நுழைய முடியும் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்பதற்கு ஒருவர் சில்லு வடிவமைத்திருக்கத் தேவையில்லை. பக்கத்தில் பிராசசர் கையேடு திறந்திருந்தால் போதும். அம்பத்தூர் ரயிலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனில் பார்க்கிறவருக்கு அது வராது. ரயிலில் கமிட் மெசேஜை மட்டும் படியுங்கள், பேட்ச்சை வீட்டில் பாருங்கள்.

போர்டு இல்லை என்கிற குறைக்கு வருவோம். (ஐஐடி மெட்ராஸின் சக்தி குழு வடிவமைத்த ரிஸ்க்-ஃபைவ் சில்லு 2018-லேயே லினக்ஸை பூட் செய்துவிட்டது. ஊரின் அந்தப் பக்கத்தில் நடந்ததெல்லாம் பேசின் பிரிட்ஜைத் தாண்டி நம் மேசைக்கு வர நாளாகும்.) வேறொரு பிராசசரை மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் க்யூமு எமுலேட்டர் இலவசம், உங்கள் லேப்டாப்பிலேயே ரிஸ்க்-ஃபைவ் கர்னலை பூட் செய்யலாம். ஆனால் அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காட்டாதது நினைவக வரிசை. பிராசசரின் ஒரு கோர் முதலில் தரவை எழுதுகிறது, அப்புறம் ‘தயார்’ என்று ஒரு கொடியை எழுதுகிறது. இன்னொரு கோர் கொடியைப் பார்த்துவிட்டுத் தரவைப் படிக்கிறது. உங்கள் லேப்டாப்பில் இருக்கும் எக்ஸ்86 பிராசசர் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குக் காட்டும். ரிஸ்க்-ஃபைவின் விதி தளர்வானது. நடுவில் வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளை போடாவிட்டால் கொடி முன்னாலும் தரவு பின்னாலும் தெரியலாம், படிக்கிற கோரும் தன் பங்குக்கு வரிசையை மாற்றிப் படிக்கலாம். எக்ஸ்86 மேல் ஓடும் க்யூமுவில் இந்த இடமாற்றம் தலைகாட்டாது. அதனால் தடுப்பை நீக்கும் ஒரு பேட்ச்சுக்கு, க்யூமுவில் ஓட்டிப் பார்த்தேன், பிரச்சினை இல்லை என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. அந்த மாதிரி பேட்ச்சைக் கையேட்டின் நினைவக அத்தியாயத்தை வைத்துக் காகிதத்தில்தான் சோதிக்க வேண்டும். தடுப்பு போட்ட இடத்தில், அது எந்த இரண்டு அணுகல்களுக்கு நடுவே, எதிர்ப்பக்கத்தில் அதன் ஜோடி எங்கே என்று கமெண்ட் இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

காட்டக்கூடியதும் நிறைய இருக்கிறது. பலருக்கும் 64 பிட் மட்டும்தான் ஞாபகம். 32 பிட் ரிஸ்க்-ஃபைவுக்கு கம்பைல் செய்து பாருங்கள், உடைவது கையோடு அகப்படும். ஜிசிசி கம்பைலரில் ஒருமுறை, கிளாங் கம்பைலரில் ஒருமுறை. பத்து பேட்ச் கொண்ட வரிசை என்றால் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் கம்பைல் ஆகிறதா, பூட் ஆகிறதா என்று பாருங்கள். நான்காவதில் உடைந்து ஐந்தாவதில் சரியாகும் வரிசை, பின்னால் பிழை தேடுகிறவனை நடுத்தெருவில் விட்டுவிடும். அலுப்பான வேலை, பெரிய ஆட்கள் செய்யமாட்டார்கள். உங்களுக்கு இடம் காலியாக இருப்பது அங்கேதான்.

ரிஸ்க்-ஃபைவுக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. இது யார் வேண்டுமானாலும் விரிவாக்கம், அதாவது கூடுதல் கட்டளைகள், சேர்த்துக்கொள்ளக்கூடிய கட்டமைப்பு. எல்லாவற்றையும் கர்னல் ஏற்றுக்கொண்டால் ஆர்ச் ஃபோல்டர் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் புதிய தர விரிவாக்கத்துக்கான பேட்ச் என்றால், அதன் வரையறை உறைந்ததாகவோ அங்கீகரிக்கப்பட்டதாகவோ இருந்தால்தான் ஏற்பது என்று ஆவணத்தில் விதி இருக்கிறது. ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வெக்டர் விரிவாக்கத்தின் கதையைப் பாருங்கள். வரைவு நிலையில் இருந்த 0.7.1-ஐ வைத்துச் சில சில்லுகள் சந்தைக்கே வந்துவிட்டன. 2021-இல் அங்கீகாரம் பெற்ற 1.0 அதனோடு ஒத்துப்போகாது. கர்னலின் பொது வெக்டர் ஆதரவு 1.0-ஐ நம்பி 2023-இல் 6.5 பதிப்பில்தான் வந்தது. பழைய சில்லுகளுக்கானது அந்த நிறுவனத்தின் சொந்த விரிவாக்கம் என்ற வேறு பெயரில் தனியாகப் பின்னால் வந்தது. பேட்ச்சின் முன்னுரையில் ஒரு விரிவாக்கத்தின் பெயர் கண்ணில் பட்டதுமே அதன் வரையறை எந்த நிலையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இதற்கு சி மொழிகூடத் தேவையில்லை.

சபையில் பெரியவர்கள் இருக்கிறார்களே என்கிறீர்கள். பெரியவர்கள் கண்ணிலும் தப்புகிறது. 2025 ஆகஸ்டில் 6.17 பதிப்புக்கான ரிஸ்க்-ஃபைவ் தொகுப்பையே, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திருப்பி அனுப்பினார். தாமதமாக வந்தது ஒரு காரணம். இன்னொன்று, எல்லா ஆர்கிடெக்சருக்கும் பொதுவான ஹெடர் கோப்பில் சேர்த்திருந்த ஒரு சின்ன உதவி ஃபங்ஷன். இரண்டு 16 பிட் எண்களைச் சேர்த்து 32 பிட் ஆக்கும் வேலை. எது மேல்பாதி, எது கீழ்ப்பாதி என்று அதன் பெயரைப் பார்த்தால் தெரியாது. நேராக ஷிஃப்ட் செய்து கூட்டினாலே தெளிவாக இருந்திருக்கும் என்றார். அவர் திட்டிய தொனி எனக்குப் பிடிக்கவில்லை, சொன்ன விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆர்ச் ஃபோல்டருக்கு வெளியே ஒரு கோப்பை இந்த பேட்ச் ஏன் தொடுகிறது என்று ஒரு புதியவர் முன்னாடியே கேட்டிருக்கலாம்.

சரி, அடுத்த மெயில் எப்படி இருக்கலாம்? ஒரு மாதிரி (ஹார்ட் என்பது நிரலை ஓட்டும் ஒரு அலகு, ஃபென்ஸ்-ஐ என்பது மாறிய நிரலைக் கவனிக்கச் சொல்லும் கட்டளை): “இரண்டாவது பேட்ச்சை மட்டும் பார்த்தேன். நிரலை நினைவகத்தில் மாற்றியபின் ஃபென்ஸ்-ஐ போடுகிறீர்கள். கையேட்டின்படி அது ஓடுகிற ஹார்ட்டுக்கு மட்டும்தான் செல்லும். மற்ற ஹார்ட்களுக்கு எந்த வழியில் போகிறது? க்யூமுவில் நான்கு ஹார்ட்களோடு 64 பிட்டில் பூட் ஆனது, 32 பிட்டில் முயலவில்லை.” இதற்குக் கட்டாயம் பதில் வரும். நீங்கள் கேட்டது தவறாகவே இருந்தாலும், ஏன் தவறு என்று எழுதியவர் விளக்க வேண்டியிருக்கும், பல நேரம் அந்த விளக்கம் அடுத்த பதிப்பின் கமிட் மெசேஜில் போய் உட்காரும். ஓட்டிப் பார்த்ததற்கு மட்டும் என்றால் ‘டெஸ்டட்-பை’ தனியாக இருக்கிறது, என்ன சூழலில் ஓட்டினீர்கள் என்பதோடு அதைக் கொடுங்கள். ரிவ்யூட்-பை கேள்விகள் தீர்ந்த பிறகு.

இங்கிலீஷ் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே எழுதுகிறவர்களில் பலருக்கு அது தாய்மொழி இல்லை. சின்னச் சின்ன வாக்கியம் போதும், கையேட்டின் பிரிவு எண்ணைச் சேர்த்துவிட்டால் மீதி தானாகப் புரிந்துவிடும்.

கம்பெனி மெயில் விஷயத்தில் உங்கள் உறுத்தல் நியாயம்தான். கடிதத்தின் அடியில் ‘இது ரகசியம், பெறுநர் தவிர மற்றவர் படிக்கக் கூடாது’ என்று ஒரு பத்தியைத் தானாக ஒட்டிவிடும் கம்பெனிகள் உண்டு. பொதுவெளிக்குப் போகும் மெயிலில் அது இருந்தால் படிக்கவே தயங்குவார்கள். போனதைப் பற்றி மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வெளி வேலை பற்றி உங்கள் ஆஃபர் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். இனிமேல் சொந்த முகவரி, எச்டிஎம்எல் இல்லாத வெறும் எழுத்து, கேட்ட வரிக்கு நேர் கீழே பதில்.